செல்லக்கனி எழுதிய ஹாஸ்டல் பக்கம்

செல்லக்கனி அக்காவின் ஹாஸ்டலுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சென்னைக்கு வெளியே மண்ணூருக்குப் பக்கத்தில், வயல்களைப் பிளாட் போட்டு உண்டான பாக்கியம் நகரில், லூர்தம்மாள் என்பவருடைய மாடி வீடும் அதன் பின்னால் ஷீட் போட்டுக் கட்டிய மூன்று அறைகளும் சேர்ந்ததுதான் அந்த ஹாஸ்டல். கீழ்வீட்டில் லூர்தம்மாளே குடியிருந்தார். கம்பெனி பஸ் டிரைவரிடம் ‘கனியக்கா ஹாஸ்டல்’ என்று சொன்னால் போதும், சரியான முனையில் நிறுத்துவார்.

அக்காவுக்கு உடன்குடிப் பக்கம் ஒரு கிராமம். பள்ளிப் படிப்பு முடித்து, சில வருடம் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு, 2007இல் செல்போன் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து இந்தப் பக்கம் வந்தவர். அசெம்ப்ளி லைனில் நின்றபடியே குனிந்து பார்க்கும் வேலை. கழுத்து வலி தாங்காமல் நான்கு வருடத்தில் விட்டார். அதற்குள் பல ஹாஸ்டல்களைப் பார்த்துவிட்டிருந்தார். ‘வெந்நீர் வசதி உண்டு’ என்று நோட்டீஸ் ஒட்டியிருந்த ஒரு ஹாஸ்டலில், வெந்நீர் எங்கே என்று கேட்டாராம். “மே மாசம் வரட்டும், கொழாயத் தொறந்து பாரு” என்றார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பில் கோபம் முழுதாகப் போயிருக்காது.

கணவர் ஐயனார் சவுதியில் டிரைவர். அவர் அனுப்பிய பணத்தையும் தன் பி.எஃப். பணத்தையும் போட்டு, லூர்தம்மாளிடம் பேசி வீட்டை வாடகைக்கு எடுத்தார். கட்டில் வாங்கினார். சமைக்கத் தானே நின்றார். முதல் வருடம் பாதிக் கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

நான் அங்கே தங்க வந்தது அடுத்த வருடம். ஒரகடத்தில், கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், ஆங்கிலத்தில் வரும் வேலைக் குறிப்புகளைத் தமிழில் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டுவது என் வேலை. இரண்டு மொழியும் தெரியும் என்பதால் அக்கா ஒருநாள் என்னிடம் வந்து, “ஏட்டி, ஹாஸ்டலுக்கு ஃபேஸ்புக்கில ஒரு விளம்பரம் எழுதித் தாயேன்” என்றார். எழுதிக் கொடுத்தேன். ‘பெண்களுக்கான பாதுகாப்பான, சுகாதாரமான, வீட்டைப் போன்ற சூழல்.’ கீழே அதையே ஆங்கிலத்திலும் எழுதியிருந்தேன்.

ஐயனார் அண்ணன் சவுதியிலிருந்து வாங்கி அனுப்பியிருந்த போனில் அக்கா அதைப் போட்டார். ஒருவரும் கூப்பிடவில்லை. சில நாள் கழித்து அதை மறுபடி வாசித்துப் பார்த்துவிட்டு, மனம் புண்படாதபடி மெதுவாகச் சொன்னார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இதேதான் பைபாஸ்ல ஒவ்வொரு கம்பத்துலயும் ஒட்டியிருக்கே. இத நானே நம்ப மாட்டேனே.”

அன்று மாலை, வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரே விரலால் தட்டித் தட்டி அவரே ஒன்று எழுதினார்.

‘இங்க தண்ணி உப்பு. குளிக்கலாம். முடி கொட்டும்னு சொல்லுதாங்க. எனக்குக் கொட்டிச்சு. குடிக்கக் கேன் தண்ணி வாங்குறோம். பின்னாடி ரூம் மூணும் ஷீட்டு. மே மாசம் கஷ்டம். மாடி ரூம் பரவாயில்ல, ஆனா அதுல இப்ப இடம் இல்ல.’

நான் பதறினேன். “அக்கா, இதைப் படிச்சா யாரு வருவா?”

“வர்றவ தெரிஞ்சு வருவால்லா. வந்தப்புறம் என் மூஞ்சியப் பாத்து அழ மாட்டா.”

வந்தார்கள். முதலில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர், பிறகு அவர்களுடைய பாலிடெக்னிக் தோழிகள். அக்கா தினமும் ஏதாவது எழுதினார். ‘இன்னைக்கு தோசை மாவு புளிச்சிட்டு. ஊத்தப்பம்னு சொல்லிச் சமாளிச்சேன். ரெண்டு பேரு கண்டுபிடிச்சிட்டாளுவ.’ ‘மோட்டார் ரிப்பேர். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பக்கெட்டுதான்.’ ‘பூனை ஒண்ணு சேர்ந்திருக்கு. வாடகை கிடையாது.’

ஹாஸ்டலில் இருந்த நாங்கள் இதைப் படித்துச் சிரிப்போம். ஆனால் உண்மையான வாசகர்கள் நாங்கள் இல்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. ஊரில் இருந்த அண்ணன்கள், தம்பிகள், சித்தப்பாக்கள் படித்தார்கள். கையில் நெட் உள்ள போன் வைத்திருந்த ஒருவர் படித்து, வீட்டில் உள்ள மற்றவர்களுக்குச் சொன்னார். மாவு புளித்ததைக்கூட மறைக்காத பொம்பளை, தங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் மறைக்க மாட்டாள் என்று அவர்கள் நினைத்தார்கள். 2013 ஆடி மாதத்துக்குள் கட்டில் ஒன்றுகூடக் காலியில்லை. கூப்பிடுபவர்களிடம் அக்கா வேறு நல்ல ஹாஸ்டலின் நம்பரைக் கொடுத்தார்.

வீட்டுக்காரர்களுக்குப் பிடித்தது இன்னொன்றும் இருந்தது. தங்கள் பெண்ணின் பெயரைப் பார்ப்பது. ‘சுகப்பிரியா இன்னைக்கு ரெண்டு தடவ சாம்பார் வாங்கினா’ என்று அக்கா எழுதினால், சுகப்பிரியாவின் மாமா திருச்செந்தூரிலிருந்து ‘நல்லா போடுங்க அக்கா’ என்று கீழே எழுதுவார். அதைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்கள் எங்கள் பிள்ளை பெயர் வரவில்லையே என்று கேட்பார்கள். அக்கா எல்லோர் பெயரையும் முறை வைத்துப் போடத் தொடங்கினார். கேட்டுப் போடவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

அந்த ஆவணியில்தான் அந்தப் பதிவு.

‘ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு முத்துச்செல்வி, சுகப்பிரியா எல்லாரும் காலையில வந்தாங்க. ஊருக்கெல்லாம் விடியுது, இவங்களுக்கு இப்பத்தான் ராத்திரி. இட்லி வேண்டாமாம், சோறுதான் வேணுமாம். மிளகு ரசம், அப்பளம், உருளைக்கிழங்கு. சாப்பிட்டுட்டு ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிட்டுப் படுத்துட்டாங்க. நான் மிக்ஸி போடாம அம்மியில அரைக்கேன்.’

அதற்கு விழுந்த அளவு லைக் அதுவரை எதற்கும் விழுந்ததில்லை. முத்துச்செல்வியின் அண்ணன் மகாராஜா, ‘எங்க முத்து’ என்று மேலே எழுதித் தன் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்படி அதைப் பகிர்ந்தார். தங்கையின் பெயரைக் கண்ட சந்தோஷத்தில் முதல் வரியை அவர் சரியாகப் படிக்கவில்லை. சென்னையில் இருந்த ஒரு அத்தை படித்தாள். “ஏம்ப்பா, பிள்ளைய ராத்திரி வேலைக்கா அனுப்பியிருக்கீங்க?” என்று முத்துச்செல்வியின் வீடு இருந்த கழுகுமலைக்குப் போன் போட்டாள்.

முத்துச்செல்வி வீட்டில் சொல்லியிருந்தது வேறு. பகல் வேலை மட்டும்தான், காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் கிளம்பி வந்திருந்தாள். அவள் வேலை பார்த்த செல்போன் கம்பெனியில் மூன்று ஷிஃப்டும் வாரத்துக்கு ஒன்றாகச் சுழலும். எல்லோருக்கும் அதுதான். அதைச் சொன்னால் அப்பா அனுப்பியிருக்க மாட்டார்.

மதியம் தூக்கத்திலிருந்து எழுப்பிய போனில் பேசி முடித்துவிட்டு அவள் சமையலறைக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அக்கா, அப்பா என்னயக் கூட்டிட்டு வரச் சொல்லி அண்ணன அனுப்புதாவ. நாளைக்குக் காலையில வந்துருவான்.”

அக்கா அரைப்பதை நிறுத்தினார். “எதுக்குளா?”

“நீங்க எழுதுனதுக்குத்தான்.”

விஷயம் புரிய அக்காவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. முத்துச்செல்வியின் வேலை இன்னும் பயிற்சிக் காலத்தில்தான் இருந்தது. சொல்லாமல் லீவு எடுத்தால் பேரை எடுத்துவிடுவார்கள். திரும்ப அதே கம்பெனியில் எடுக்க மாட்டார்கள்.

“ஒரே ஒரு வரி போடுங்கக்கா. பேரு மாறிப்போச்சு, அது வேற முத்துச்செல்வின்னு. நான் அண்ணன்ட்ட அதையே சொல்லிருதேன். நீங்க எழுதுனா அப்பா நம்புவாவ.”

“நம்புவாவன்னுதானளா எழுத முடியாதுங்கேன்.”

“எனக்குப் புரியல.”

“நாளைக்கு நீ காய்ச்சலாக் கெடக்கேன்னு எழுதுனா உங்கப்பா நம்பணுமா வேண்டாமா? காய்ச்சல் இல்ல, நல்லா இருக்கான்னு எழுதுனாலும் நம்பணும்லா. இன்னைக்கு ஒண்ண மாத்தி எழுதிட்டேன்னா நான் எழுதுன தோச மாவக்கூட ஒருத்தனும் நம்ப மாட்டான்.”

முத்துச்செல்வி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “உங்க பேஜ எல்லாரும் நம்பணும். லைக் போடணும். எங்க பொழப்பு என்ன ஆனா ஒங்களுக்கு என்ன?”

அக்கா அம்மிக்குழவியை ஓரமாக வைத்தார். “ஒங்கிட்ட கேக்காம ஒம் பேரப் போட்டேம் பாத்தியா, அது தப்பு. அது ஏந் தப்புதான்” என்றார். “ஒங்கண்ணன்ட்ட அதச் சொல்லுதேன். ராத்திரி ஷிஃப்டு விஷயத்த நீதான் சொல்லணும். நான் பக்கத்துல ஒக்காருதேன்.”

அன்று மாலை ஹாஸ்டலில் எல்லோரும் முத்துச்செல்வி பக்கம். சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குப் போய்விட்டார்கள். சுகப்பிரியா மட்டும் அக்காவுக்குக் கேட்கும்படி, “கனியக்கா டி.வி.ல ரிப்போர்ட்டரா போயிருக்கலாம்ளா. இங்க வந்து வீணாப் போயிட்டாவ” என்றாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினார்.

மகாராஜா தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் படப்பை, ஒரகடம் வழியாக மாறி மாறி வந்து சேர்ந்தார். தீப்பெட்டிப் பண்டல் ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டுபவர். ஆண்கள் முன்னறையைத் தாண்டி வரக்கூடாது என்பதால் அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அம்மா கொடுத்தனுப்பிய அதிரசம். சண்டைக்கு வந்தவர் கையில் அதைப் பார்த்ததும் சுகப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஒங்க பேஜ வாசிச்சுத்தான்க்கா நாங்க இவள அனுப்புனோம்” என்றார் அக்காவிடம். “ஒங்கள ஒண்ணும் சொல்லல. இவதான் எங்கள ஏமாத்திட்டா.”

“பேரக் கேக்காமப் போட்டது நாந்தான் தம்பி.”

“போடலன்னா எங்களுக்குத் தெரிஞ்சேயிருக்காதே.”

முத்துச்செல்வி சுவரோரம் நின்றிருந்தாள். “சொன்னா விட்டிருப்பியளா?”

“ராத்திரில பொம்பளப்பிள்ள வேல பாக்கத அப்பா எப்படிளா விடுவாவ?”

“நீ மட்டும் ராத்திரி பூராம் வண்டி ஓட்டுதியே.”

“நான் ஆம்பள.”

“நீ போன மாசம் தூங்கிட்டே போயி சாத்தூர்ல பாலத்துல இடிச்ச. நான் லைன்ல ஒரு செல்போன் போர்டக்கூடக் கீழ போட்டதில்ல.”

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். மகாராஜாவும் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தார். ஆனால் முடிவு மாறவில்லை. அப்பா கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். வெறுங்கையோடு போய் நிற்க அவரால் முடியாது. கடைசியில் முத்துச்செல்வியே சூப்பர்வைசரிடம் பேசி ஒரு வார லீவு வாங்கினாள். அடுத்த செவ்வாய் காலை ஷிஃப்டுக்கு அவள் லைனில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேலை போயிற்று. பெட்டியை முழுதாகக் கட்ட அண்ணன் சொன்னார். அவள் இரண்டு சுடிதாரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள்.

அவள் கட்டிலை அக்கா யாருக்கும் கொடுக்கவில்லை. ஃபேஸ்புக் பக்கத்திலும் இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் முன்னறையில் உட்காரச் சொன்னார்.

“ராத்திரி ஷிஃப்டப் பத்தி எழுதப் போறேன். யாரு பேரும் கெடையாது. எழுதி முடிச்சு வாசிப்பேன். எது வேண்டாங்கீயளோ அத எடுத்துருதேன். ஆனா பொய்யச் சேக்கச் சொல்லாதிய.”

 முதலில் சுகப்பிரியாதான், “பஸ்ஸு முனையிலதான் நிக்கும், வாசல் வரைக்கும் வராதுன்னு போடுங்க” என்றாள். அதற்குப் பின் நிற்கவில்லை. ஒருத்தி நாயைப் பற்றி எழுதச் சொன்னாள். “அத எழுதுனா எங்கம்மா நாளைக்கே ரயிலேறிருவா” என்று இன்னொருத்தி கத்தினாள். தலைவலியைச் சொல்லலாமா என்று வாக்குவாதம். பகலில் வீட்டிலிருந்து போன் போட்டு எழுப்பாதீர்கள் என்று கட்டாயம் போட வேண்டும் என்றாள் ஒருத்தி. எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டச்சு செய்தேன். என் வேலை அவ்வளவுதான். ‘இருப்பினும்’ என்று நான் எழுதியதை அக்கா ‘ஆனா’ என்று மாற்றச் சொன்னார்.

பதிவு இப்படி வந்தது.

‘செல்போன் கம்பெனிகள்ல மூணு ஷிஃப்டும் உண்டு. வாரம் ஒண்ணு மாறும். ராத்திரி ஷிஃப்ட் வாரத்துல கம்பெனி பஸ் வந்து ஏத்திக்கிட்டுப் போகும், காலையில அதே எடத்துல எறக்கிவிடும். எல்லாரும் ஒண்ணாத்தான் போறாங்க. முனை வரைக்கும் நானும் போறேன். பஸ் கிளம்பினப்புறம்தான் திரும்புவேன். முதல் மூணு நாள் தலைவலி இருக்கும். அப்புறம் பழகிரும். சிலருக்குப் பழகாது. பகல்ல இங்க சத்தம் போட மாட்டோம், நீங்களும் போன் போட்டு எழுப்பாதீங்க, சாயங்காலம் பேசுங்க. முனையில ரெண்டு நாய் இருக்கு, குரைக்கும், இதுவரைக்கும் கடிக்கல. பஸ் நிக்கிற எடத்துல தெருவிளக்கு எரியல. ஒரு மாசமாச் சொல்லிக்கிட்டு இருக்கோம். இதெல்லாம் தெரிஞ்சு உங்க வீட்டுப் பிள்ளைய அனுப்புங்க.’

இதற்கு லைக் குறைவாகத்தான் விழுந்தது. அடுத்த மாதம் வருவதாக இருந்த இரண்டு பேரின் வீட்டிலிருந்து, வேறு இடம் பார்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. “போட்டும்” என்றார் அக்கா. ஆனால் அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது நம்பரிலிருந்து போன் வந்தது. அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“நான் முத்துச்செல்விக்க அப்பா, உச்சிமாகாளி பேசுதேன்.”

அறைகளில் இருந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகச் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“நீங்க எழுதுனத மவன் வாசிச்சான். மறுபடியும் வாசிக்கச் சொன்னேன்.” பேச்சை நிறுத்தித் தொண்டையைச் செருமினார். “நாயி கெடக்கட்டும். நாயி எங்கயும் உண்டு. அந்த லைட்டு இப்ப எரியுதா?”

சுகப்பிரியா இரண்டு கையையும் கூப்பி, எரியுதுன்னு சொல்லுங்க என்று வாயசைத்தாள். பின்னால் நின்றவர்களும் தலையை ஆட்டினார்கள். செவ்வாய்க்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. கழுகுமலையில் இருக்கும் மனிதர் இங்கே வந்தா பார்க்கப்போகிறார்?

அக்கா மாவுக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்ல அண்ணாச்சி. இன்னும் எரியல.”

“சரி. எரிஞ்சா சொல்லுங்க.”

போன் வைக்கப்பட்டது. சுகப்பிரியா அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அக்கா பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். மோட்டார் போடும் தணிகாசலம்தான் தெருவிளக்கையும் பார்ப்பவர். நானும் கூடப் போயிருந்தேன்.

“பல்பு மாத்துற வேலையா இருந்தா அப்பவே போட்ருப்பேன்மா” என்றார் அவர். “ஃபிட்டிங்கே பூட்ச்சு. எழுதிக் குட்த்துகீது. வந்தாதான் போட முடியும்.”

“எப்ப வரும்ண்ணே?”

“அது இன்னா என் கையிலயா கீது? அடுத்த மாசம்ன்றாங்க.”

திரும்பி வந்தால் கீழ்வீட்டு வாசலில் லூர்தம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

“இன்னாமே கனி, என் வூட்டாண்ட ஒரே இருட்டுன்னு ஊரு பூரா எழுதி வுட்டுகிறியாமே?”

அக்கா நின்றார். “ஓனரம்மா, ஒங்க வீடுன்னு எழுதலயே. பஸ் நிக்கிற எடம்னுதான…”

“பஸ்ஸு எங்க நிக்குது? என் காம்பவுண்டாண்டதான நிக்குது? பெங்களூர்லேர்ந்து பையன் போன் பண்ணிட்டான். இன்னாம்மா, நம்ம வூடு ஃபேஸ்புக்ல வந்துகீது, வெளக்கு இல்ல, நாய் கீதுன்னு போட்ருக்காங்கன்றான். மானம் போவுது.”

“எரியல ஓனரம்மா. எரியாதத எரியுதுன்னு எப்படி எழுத?”

“நீ எழுதவேணாம். நான் எரிய வெக்கிறேன், அப்புறம் எழுது.” லூர்தம்மாள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். அவருடைய தம்பி ஒயரையும் ஏணியையும் எடுத்துக்கொண்டு வந்தார். “மெயின் ஒயரு என் மீட்டர்லேர்ந்து போவுது. கரெண்டு பில்லு யாரு கட்றது, உன் ஃபேஸ்புக்கா?”

“நான் கட்டுதேன்.”

“தோ பார்றா, பெரிய பணக்காரி. ஒண்ணும் வேணாம். பஞ்சாயத்து ஃபிட்டிங் வர்ற வரைக்கும் எரியட்டும். ஆனா எழுது. லூர்தம்மா வூட்டு வெளக்குன்னு பேரு போட்டு எழுது.”

“பேரு போடலாமா?”

“போடுன்னுதான சொல்றேன்!”

இருட்டத் தொடங்கியதும் காம்பவுண்டு மூலையில் கட்டிய பல்பைப் போட்டுப் பார்த்தார்கள். பஸ் நிற்கும் இடம் முழுதும் தெரிந்தது. அங்கே படுத்திருந்த நாய்கள் இரண்டும் எழுந்து, வெளிச்சம் இல்லாத பக்கமாகப் போய்ப் படுத்தன. அக்கா போட்டோ எடுத்தார். எழுதியதை மாடிக்கு வந்து எங்களிடம் வாசித்தார்.

‘பஞ்சாயத்து விளக்கு இன்னும் எரியல. அடுத்த மாசம்ங்காங்க. எங்க ஓனரம்மா லூர்தம்மா அவங்க வீட்டு கரெண்டுல இருந்து பஸ் நிக்கிற எடத்துல பல்பு போட்டுத் தந்திருக்காங்க. போட்டோ பாருங்க. கரெண்ட் போனா இதுவும் போயிரும். இப்ப கரெண்ட் அடிக்கடி போகுது. அதுக்கு ஒரு டார்ச் வாங்கி வாசல்ல மாட்டியிருக்கேன்.’

“கரெண்டு போறத எதுக்குக்கா சொல்லணும்?” என்று சுகப்பிரியா அழாத குறையாகக் கேட்டாள். “நல்லா வந்துச்சு. அதோட நிறுத்தலாம்ல?”

“கரெண்டு ஒங்க ஊருல போகாதா? அவருக்குத் தெரியாதா? நான் சொல்லலன்னா, இத ஏன் சொல்லலன்னு யோசிக்க மாட்டாரா?”

அக்கா பதிவைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுதும் போன் வரவில்லை. அவர் போனைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு அதைப் பார்க்காமலே வேலை செய்தார். ஆனால் குக்கர் விசில் அடித்தால்கூட அலமாரிப் பக்கம்தான் திரும்பினார். நாங்களும் கடையில் மிளகாய் வாங்கிவருவது, தண்ணீர்க் கேன் தூக்குவது என்று காரணம் வைத்துக்கொண்டு அங்கேயே சுற்றிவந்தோம். திங்கட்கிழமை காலை, நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் அழைப்பு வந்தது.

“உச்சிமாகாளி பேசுதேன். கரெண்டு போனா டார்ச்சுன்னு போட்டுருக்கீயளே, டார்ச்ச யாரு கொண்டு போறது?”

“நாந்தான் அண்ணாச்சி.”

“ஒங்களுக்கு முடியாமப் போச்சுன்னா?”

அக்காவுக்கு அது தோன்றியிருக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். பிறகு, “அத நான் யோசிக்கல அண்ணாச்சி” என்றார். “கீழ்வீட்டுல ஓனரம்மாவுக்கத் தம்பி இருக்காவ. அவியட்ட இன்னைக்கே கேட்டு வைக்கேன்.”

 அந்தப் பக்கம் டிராக்டர் ஒன்று போகும் சத்தம் கேட்டது.

“சரி. இன்னைக்கு ராத்திரி பஸ்ஸுல ஏத்திவிடுதேன். அவ ஷிஃப்டுக்கு நேரத்துக்கு வந்துருவால்லா?”

“வந்துருவா அண்ணாச்சி. காலை ஷிஃப்டுக்குக் கொஞ்சம் ஓடணும், வந்துருவா.”

“அவ சொல்லாமப் போனதுக்கு இன்னும் எனக்குக் கோவந்தான்” என்றார் அவர். “அத அவட்டயே சொல்லிட்டேன். ஒங்கட்ட சொல்லணும்னு இல்ல.”

செவ்வாய் அதிகாலை தாம்பரத்தில் இறங்கிய முத்துச்செல்வி ஹாஸ்டலுக்கு வரவே இல்லை. நேரமில்லாமல், பையோடு கம்பெனி வாசலுக்கே போய்விட்டாள். அவளுடைய ஐ.டி. கார்டையும் யூனிஃபார்மையும் அக்கா கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியிலிருந்து எடுத்து, சுகப்பிரியாவிடம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். ஷிஃப்ட் தொடங்கும்போது அவள் லைனில் நின்றுவிட்டாள் என்று சுகப்பிரியா டீ இடைவேளையில் போன் செய்து சொன்னாள். அக்கா “ஆங்” என்று மட்டும் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அன்று நான் சீக்கிரம் வந்திருந்தேன். பிற்பகலில் ஷிஃப்ட் முடிந்து வந்த முத்துச்செல்வி அக்காவைப் பார்த்துச் சிரித்தாளா இல்லையா என்று சொல்ல முடியாது. களைத்துப் போயிருந்தாள். “சோறு இருக்காக்கா?” என்று கேட்டாள். அக்கா பரிமாறினார்.  சாப்பிட்டவள் கைகழுவிவிட்டு, கட்டிலில் விழுந்த மாதிரியே தூங்கிப்போனாள்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் போனில் மகாராஜாவின் கேள்வி வந்தது. விளக்குப் படத்துக்குக் கீழே எல்லோரும் பார்க்க எழுதியிருந்தார். ‘அக்கா, வந்து சேந்துட்டாளா?’ அதற்குக் கீழே சுகப்பிரியாவின் மாமாவும், யார் யாரோ மூன்று நான்கு பேரும், ‘யாரு வரணும்? என்ன விஷயம்?’ என்று கேட்டிருந்தார்கள்.

அக்கா போனை எடுத்து, ‘வந்துட்டா’ என்று பாதி தட்டினார். பிறகு திரும்பி முத்துச்செல்வி படுத்திருந்த அறைப் பக்கம் பார்த்தார். தட்டியதை அழித்தார். சத்தம் கேட்காமல் பின்கட்டுக்குப் போய் மகாராஜாவுக்கு நேராகப் போன் போட்டார்.

“வந்துட்டா தம்பி. சாப்பிட்டுத் தூங்குதா.” அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். “இல்ல, எழுதல. அவ எந்திரிக்கட்டும். கேட்டுட்டு எழுதுதேன்.”

அன்று அவள் எழுந்தபோது இருட்டிவிட்டது. ஃபேஸ்புக் பக்கத்தில் அதுவரை அக்கா ஒன்றும் எழுதவில்லை.